நாய்க்கு டயாலிசிஸ்: ஹெப்பாரினா, நஃபாமோஸ்டாட்டா?

சிறுநீரகம் செயலிழந்த நாயின் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும்போது, குழாயில் ரத்தம் உறையக்கூடாது. அதே சமயம் நாயின் உடலுக்குள் ரத்தக்கசிவும் ஏற்படக்கூடாது. சிக்கலே இங்கேதான்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில் ஹெப்பாரின் பழைய தோழன். 1916 வாக்கில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நாயின் கல்லீரலை வைத்து நடந்த ஆய்வில்தான் இதன் கதை தொடங்குகிறது. இப்போது பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கிறார்கள். மலிவு, பழகிய மருந்து. உறைநேரத்தை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே அளந்து அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். அதிகமாகிவிட்டால் புரோட்டமின் கொடுத்து முறிக்கலாம். ஆனால் இதன் வேலை குழாயோடு நிற்பதில்லை. உடல் முழுக்கப் பரவி, சிகிச்சை முடிந்த பிறகும் சில மணி நேரம் நீடிக்கும். நேற்றுதான் அறுவை சிகிச்சை செய்த நாய் என்றால் பயம்தான்.

ஜப்பானில் உருவான நஃபாமோஸ்டாட் நேர்மாறு. மனிதரில் இதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 8 நிமிடம். குழாயில் வேலை செய்துவிட்டு உடலுக்குள் போனதும் வேகமாகச் சிதைந்துவிடும். முறிமருந்து இல்லை, சொட்டை நிறுத்தினாலே போதும். சரி, குறை? ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். சில வடிகட்டிச் சவ்வுகள் மருந்தையே உறிஞ்சிக்கொள்ளும். உப்புநீரில் நேரடியாகக் கரைத்தால் கலங்கிவிடும். குளுக்கோஸ் கரைசல் வேண்டும். விலையும் கிடைப்பதும் வேறு தலைவலி.

ரத்தக்கசிவு ஆபத்து இல்லாத நாய்க்கு நான் ஹெப்பாரினையே எடுப்பேன். புண்ணோ கசிவோ இருந்தால், கிடைக்கும் பட்சத்தில், நஃபாமோஸ்டாட்.