குவெஸ்ட் 3: பம்பு பட்டறைப் பயிற்சிக்கு ஆகுமா?

கோவையில் கணபதி, பீளமேடு பக்கத்துப் பம்பு பட்டறைகளில் புதுப் பையன்களுக்கு இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) மாட்டப் பழக்க மெட்டா குவெஸ்ட் 3 என்கிற, கண்ணில் மாட்டும் விஆர் ஹெட்செட் சரிவருமா? வரும். ஆனால் பாதி வேலை ஹெட்செட்டில், மீதி ஆப் எழுதுகிறவர் கையில்.

2023 அக்டோபரில் வந்த கருவி. ஸ்னாப்டிராகன் எக்ஸ்ஆர்2 ஜென் 2 சிப், 8 ஜிபி ரேம், எடை 515 கிராம். இதைவிடக் கவனிக்க வேண்டியது நேரக்கணக்கு. 72 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 72 படம் என்றால், ஒரு பிரேமுக்கு (ஒரு படத்துக்கு) 13.9 மில்லிசெகண்ட், 90 என்றால் 11.1 தான். அதற்குள் இரண்டு கண்ணுக்கும் படம் வரைந்தாக வேண்டும். தவறினால் பழைய பிரேமையே தலை திரும்பிய பக்கத்துக்கு நகர்த்திக் காட்டிச் சமாளிக்கும். தலைக்கு அது போதும். கையில் ஆட்டுகிற ஸ்பேனர் இரட்டையாகத் தெரியும்.

பிரேம் இப்படித் தவறப் பெரும்பாலும் காரணம், டிசைன் செக்‌ஷன் கொடுத்த கேட் பைலை (கம்ப்யூட்டரில் வரைந்த டிசைன்) அப்படியே ஏற்றுவது. ஒரு போல்ட்டின் மரை மட்டுமே 3டி உருவத்தைக் கட்டும் முக்கோணங்களை ஆயிரக்கணக்கில் தின்றுவிடும். மரையை நார்மல் மேப்பாக்கி (மேடு பள்ளம் இருப்பதுபோல் காட்டும் படம்), மெட்டீரியல்களை ஒன்றாக்கி, டிரா கால்களை (சிப்புக்குப் போகும் 'இதை வரை' கட்டளைகள்) குறைத்த பிறகே ஏற்றுங்க. இந்த ஹெட்செட்டில் கண் டிராக்கிங் (கண் எங்கே பார்க்கிறது என்று கவனிப்பது) கிடையாது. வேலையைக் குறைக்க ஒரு பகுதியை மட்டும் தெளிவாக வரையும் ஃபோவியேட்டட் ரெண்டரிங் போட்டால் படத்தின் ஓரம்தான் மங்கும். பிரஷர் கேஜை ஓரத்தில் வைத்தால் முள் தெரியாது.

பட்டறைக்குள் வேறு தொல்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட்டும் அதற்கேற்ப மினுங்கி ஹெட்செட் கேமராவைக் குழப்பும். செட்டிங்கில் டிராக்கிங் பிரீக்வென்சியையும் 50-க்கு மாற்றிவிடுங்க. வெறும் வெள்ளைச் சுவரில் கேமராவுக்குப் பிடிமானம் இருக்காது. நாலு காலண்டர் மாட்டினாலே போதும். பாலிஷ் போட்ட ஷாஃப்ட் தூரம் அளக்கும் டெப்த் சென்சாரை ஏமாற்றும். கையுறை போட்டால் கை டிராக்கிங் தடுமாறும், கன்ட்ரோலரே கொடுங்க. பாஸ்த்ரூவில் (கேமரா வழியே வெளியே பார்ப்பது) வெர்னியர் அளவுகோலைப் படிக்கச் சொல்லாதீங்க: கேமரா கண் இருக்கும் இடத்தில் இல்லை, படத்தை வளைத்துத்தான் காட்டுகிறது, கிட்டத்துப் பொருளின் விளிம்பு நெளியும்.

சூடானால் சிப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பிரேம் தவறும். பர்னேஸ் (உலை) பக்கம் கொண்டுபோகவே கூடாது. பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். ஆளுக்கு 20 நிமிடம் என்று வைத்து, ஆள் மாறும்போதெல்லாம் கண் இடைவெளிச் சக்கரத்தைத் திருப்பச் சொல்லுங்க. 58 முதல் 71 மில்லிமீட்டர் வரை போகும். கழற்றினால் லென்ஸைக் கவிழ்த்து வைக்கணும். தகரக் கூரை ஓட்டை வழியாக விழும் வெயில் லென்ஸில் பட்டாலும் உள்ளே டிஸ்ப்ளே கருகிவிடும்.