சகவாழ்வுச் செயலமர்வு: ஐந்துக்கு மூன்று

மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய இரண்டு நாள் செயலமர்வுக்குப் போய்வந்தேன். வன்முறைத் தீவிரவாதத்தைத் தடுப்பது, இன நல்லிணக்கம், இந்த வகை. பேர் வேண்டாம், நல்ல மனுசர்கள்தான். தமிழ் ஊரான ஆரையம்பதியில் இருந்து நாங்கள் நாலைந்து பேர், பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் இருந்து ஒரு பத்துப் பேர், இரண்டு போதகர்கள், ஒரு மௌலவி, ஒரு ஐயர்.

முதல் நாள் காலை சுத்த வீண். வளவாளர் ஸ்லைடை வாசித்துக்கொண்டே போனார். அதில் 'மீள்தன்மை' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வர, பக்கத்தில் இருந்த மாதர் சங்கத்து அக்கா, "தம்பி, இது இறப்பரைப் பத்தின பாடமா?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

பிறகு குழுவேலை. தீவிரவாதியாக மாறுகிறவனின் அடையாளங்களை டிமைப் பேப்பரில் எழுத வேண்டும். எங்கள் குழுப் பெடியன் ஒருத்தன் முதல் வரியிலேயே 'தாடி வளர்ப்பது' என்று எழுதிவிட்டான். எதிரே இருந்த காத்தான்குடிக் காக்கா (முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தன் தாடியைத் தடவிக்கொண்டு, "அப்ப என்ட பேரையும் போடு மகன்" என்றார். சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னதுதான் அந்த இரண்டு நாளிலும் உருப்படியான பாடம். 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில், பின்னாளில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளை நடத்திய சஹ்ரானின் ஆட்கள் சூபி வழி முஸ்லிம்களோடு மோதினார்கள். அப்போதே அந்த ஊர்ச் சனம் முறைப்பாடு கொடுத்தது, வீதியில் இறங்கிக் கைது செய்யச் சொல்லிக் கேட்டது. ஆள் தலைமறைவானான், 2019 ஏப்ரல் 21 வந்தது, குண்டுகள் வெடித்தன. "அடையாளம் எங்களுக்குத் தெரிஞ்சிது, சொல்லியும் குடுத்தம். கேட்டவங்களுக்கு ஆர் செயலமர்வு வைக்கிற?" வளவாளர் தேத்தண்ணி இடைவேளை என்றார்.

இரண்டாம் நாள் பின்னேரத்துக்காகத்தான் மூன்று மதிப்பெண்ணும். பஸ்ஸில் ஏற்றி முதலில், அந்த உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார்கள். அன்று ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளைப் பற்றி ஒரு போதகர் மெதுவாகச் சொல்ல, காத்தான்குடிப் பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளி. 1990 ஓகஸ்ட் 3 இரவு, இஷாத் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்ட இடம். பக்கத்துப் பள்ளியையும் சேர்த்தால் நூற்றுக்கு மேல் மௌத்து. சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒன்று சரியாக என் முழங்கால் உயரத்தில் இருந்தது. சுஜூதில், நெற்றியைத் தரையில் வைத்து வணங்கும்போது, தலை எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை. என் வீட்டில் இருந்து சைக்கிளில் போகிற தூரம் அது. இந்த வயது வரைக்கும் உள்ளே போனதில்லை. அந்த ஊர்க் கடைகளில் சாரமும் சேலையும் வாங்கியதோடு சரி. அங்கே யாரும் விளக்கவுரை நடத்தவில்லை, அதற்கு நன்றி.

சாப்பாடு பரவாயில்லை. மரக்கறிக்காரருக்கு மட்டும் சொதி காணாமல் போனது. தொடர்பில் இருக்க என்று தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் இப்போது பூப்படமும் காலை வணக்கமும்தான் வருகின்றன. அந்தக் காக்கா மட்டும் ஒருநாள் தனியாக அழைத்து, நோன்பு திறக்க வீட்டுக்கு வரச் சொன்னார். போனேன், கஞ்சிக்குத் தனியாக மதிப்பெண் போடலாம்.

அடுத்த அணிக்கு ஆள் எடுக்கிறார்களாம். இரண்டாம் நாள் மத்தியானம் போனாலே போதும் என்பேன், ஆனால் இரண்டு நாளும் கையெழுத்து வைக்காவிட்டால் பயணப்படி கிடையாது.