750 ரூபாய் பெயின்டிங் செட்: ரோலரைத் தனியாக வாங்குங்கள், மற்றதில் பாதி வீட்டிலேயே இருக்கிறது

வடசென்னையில், தண்டையார்பேட்டை ஹார்டுவேர் கடைகளில் இப்போது ஒரு செட் தொங்குகிறது. 9 அங்குல ரோலர், 4 அங்குலக் குட்டி ரோலர், டிரே, இரண்டு பிரஷ், பட்டித் தகடு (சுவரைச் சமமாக்கப் பூசுகிற பட்டியை இழுக்கிற தகடு), மாஸ்கிங் டேப் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில், விலை 750 ரூபாய். அதை வாங்கி ஒரு 10க்கு 12 அடி அறை, வாசல் இரும்பு கேட், ஜன்னல் கிரில் எல்லாம் அடித்து முடித்த பிறகு எழுதுகிறேன். ரோலர் அருமை. மற்றதில் பாதிக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. சுவரில் படுகிற சாமானை நல்லதாக வாங்குங்கள், சுவரில் படாத சாமான் எல்லாம் நம் வீட்டுப் பரணிலும் கொல்லையிலும் கிடக்கிறது.

முதலில் ரோலர். ஸ்லீவின், அதாவது உருளை மேல் மாட்டுகிற உறையின், ரோமம் குட்டையாக, நெருக்கமாக இருக்கிறது, பட்டி பார்த்த வழவழப்பான சுவருக்கு இதுதான் சரி. ரோமம் நீளமாக இருந்தால் பெயின்டை நிறையக் குடித்துக்கொண்டு சுவரில் புள்ளி புள்ளியாக விட்டுவிடும், அது வெளிப்பக்கத்துச் சொரசொரப்பான சுவருக்குத்தான் லாயக்கு. புது ஸ்லீவை அப்படியே பெயின்டில் முக்காதீர்கள். ஒரு துண்டு டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் உதிரி நூலெல்லாம் அதோடு வந்துவிடும், இல்லையென்றால் அத்தனையும் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கைப்பிடியின் அடியில் ஓட்டை இருக்கிறது, அதில் நீளக் கம்பு சொருகலாம். கடையில் அந்தக் கம்பைத் தனியாக விற்கிறார்கள், வாங்காதீர்கள். வீட்டு ஒட்டடைக் கம்பின் நுனியில் கொஞ்சம் துணி சுற்றி இறுக்கிச் சொருகி, மேலே கட்டுக் கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் சீலிங் வரைக்கும் எட்டுகிறது, ஸ்டூல் போட்டு ஏறி இறங்குகிற வேலையே இல்லை.

இன்னொரு விஷயம், அடிக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். வெயில் காலத்தில் இது கொடுமைதான், ஆனாலும் நிறுத்துங்கள். ஃபேன் காற்றில் எமல்ஷனின் (சுவருக்கு அடிக்கிற தண்ணீர்ப் பெயின்ட்) ஓரம் சட்டென்று காய்ந்துவிடும், அடுத்த பட்டையை அதன் மேல் இழுக்கும்போது இரட்டைக் கோடு விழும், அந்தக் கோடு இரண்டாவது முறை அடித்தாலும் போகாது.

டிரே சுத்த வேஸ்ட். மெல்லிய பிளாஸ்டிக், ஒரு பக்கமாகப் பிடித்துத் தூக்கினால் வளைகிறது. எங்கள் தெருவில் ஒரு பெயின்டர் அண்ணன் இருக்கிறார், அவர் பார்த்ததுமே சொன்னார்: “டிரேவுக்கு எதுக்குப்பா காசு, 5 லிட்டர் எண்ணெய் கேன படுக்கப்போட்டு ஒரு பக்கத்த அறுத்துக்கோ.” அப்படியே செய்தேன். கைப்பிடி இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தை வெட்டிவிட்டால் போதும், தொட்டி ஆழமாக இருக்கும், மூடி இறுக்கமாக இருப்பதால் ஒழுகாது, மிச்சப் பெயின்டை அந்த வாய் வழியாகவே திரும்ப டப்பாவில் ஊற்றிவிடலாம். முதலில் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு சுத்தமாகப் போகிற வரை கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் திட்டுத் திட்டாகப் பிரியும். ஜன்னல் கொசுவலை அடித்த பிறகு மிஞ்சிய இரும்பு வலைத் துண்டு இருந்தால் உள்ளே சாய்த்து வையுங்கள், ரோலரை அதில் உருட்டிப் பிழிந்துகொள்ளலாம்.

பெயின்ட் டப்பாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிரஷை டப்பாவின் விளிம்பில் வழித்து வழித்து அந்தப் பள்ளத்தில் பெயின்ட் தேங்கிக் காய்ந்துவிடும், அப்புறம் மூடி சரியாக உட்காராது, உள்ளே இருப்பதும் ஆடை கட்டிவிடும். டப்பா வாயின் குறுக்கே ஒரு கட்டுக் கம்பியை இழுத்துக் கட்டி, பிரஷை அதில் வழித்தால் சொட்டெல்லாம் உள்ளேயே விழும். பழைய டப்பாவைத் திறக்கிறீர்கள் என்றால் நைந்த வேட்டித் துணியில் வடிகட்டிய பிறகு எடுங்கள். ஒரே நிறத்தில் இரண்டு மூன்று டப்பா வாங்கியிருந்தால் எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் கொட்டிக் கலக்குங்கள், மெஷினில் கலந்ததுதான் என்றாலும் டப்பாவுக்கு டப்பா இம்மி வித்தியாசம் வரும், சுவரின் நடுவில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

பிரஷ் இரண்டும் சுமார். செயற்கை நார், எமல்ஷனுக்குச் சரியாக இருக்கிறது, கேட்டுக்கு இனாமல் என்கிற எண்ணெய்ப் பெயின்ட் அடிக்க இதை வைத்துக்கொள்ளாதீர்கள், அதற்குப் பன்றி முடி பிரஷ் தனியாக வாங்குங்கள். அதே பன்றி முடி தண்ணீர்ப் பெயின்டில் ஊறி உப்பி மழுங்கிவிடும், அதனால் ஒன்றுக்கு ஒன்று மாற்றக் கூடாது. ராத்திரி வேலையை நிறுத்தி மறுநாள் தொடர்வதானால் பிரஷைக் கழுவ வேண்டாம், கழுவிக் காய வைத்த பால் கவருக்குள் பிரஷை நுழைத்து, காற்று புகாமல் ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள், காலையில் அப்படியே ஈரமாக இருக்கும்.

பட்டித் தகடுதான் பெரிய ஏமாற்றம். தடிமன், வளையவே இல்லை. பழைய பெயின்டைச் சுரண்ட உதவும், பட்டி இழுக்க உதவாது. தச்சுப் பட்டறையில் கேட்டால் சன்மைக்கா வெட்டுத் துண்டு சும்மாவே கொடுப்பார்கள், 6 அங்குல அகலத்துக்கு வெட்டி ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டால் பட்டி வழுக்கிக்கொண்டு போகிறது. உப்புத்தாளைக் கையால் பிடித்துத் தேய்த்தால் விரல் பதிகிற இடமெல்லாம் குழியாகும், அறுந்துபோன ஹவாய் செருப்பில் ஒரு துண்டு வெட்டி அதில் சுற்றித் தேயுங்கள். முதலில் 120 நம்பர், பிறகு 180 அல்லது 220. இருட்டிய பிறகு லைட்டை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், மேடு பள்ளம் எல்லாம் நிழலாக நிற்கும், பென்சிலால் வட்டம் போட்டு வைத்துக் காலையில் சரிசெய்யலாம்.

ஆனால் எந்தச் சாமானும் நம் ஏரியாச் சுவரின் ஓதத்தைச் சரிசெய்யாது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் நிறைய வீடு சுண்ணாம்புக் காரை வீடு, அடியிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு உப்பு பூத்து நிற்கும். அதன் மேலேயே பட்டி பார்த்தால் அடுத்த மழைக்குப் பொருக்குப் பொருக்காகக் கொட்டும். ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் கவரைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். கவரின் உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்தே வருகிறது, பெயின்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் குழாய்க் கசிவையும் அடித்தளத்து ஈரத்தையும் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம், மார்கழியில் மழை விட்டுச் சுவர் காய்ந்தால் பொங்கலுக்குள் அடித்துவிடலாம்.

கேட், கிரிலுக்கு வருவோம், குட்டி ரோலர் இங்கே உதவவில்லை, பிரஷ்தான். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கடல் காற்றில் இரும்பு என்ன பாடு படுகிறது என்று நமக்குத் தெரியும். கம்பி பிரஷால் துருவைச் சுரண்டினால் மட்டும் போதாது, ஒட்டியிருக்கிற உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, நன்றாகக் காய்ந்த அன்றைக்கே துருவைத் தடுக்கிற முதல் பூச்சான ரெட் ஆக்ஸைடு அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி வெறும் இரும்பாக விட்டால் காலையில் மறுபடி சிவந்திருக்கும். கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டைப் பார்த்த வீடாக இருந்தால், தெரு அடங்கியிருக்கிற நேரமாகப் பார்த்து இனாமல் அடியுங்கள், ஈரத்தில் ஒட்டிய தூசியை எடுக்கவே முடியாது.

குழந்தைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்கிற விதி நம் நாட்டில் 2016இல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த கதவு, ஜன்னல் இனாமலில் ஈயம் இருக்கலாம். அதை உலர்ந்தபடி தேய்த்துத் தூசி பறக்கவிடாதீர்கள், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், தரையை ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தரைக்கு விரிக்கப் பழைய ஃபிளெக்ஸ் பேனரைப் போல ஒன்று கிடையாது, பெயின்ட் கீழே இறங்காது. ஈரமானால் வழுக்கும், அதனால் ஸ்டூல் நிற்கிற இடத்தில் மட்டும் மேலே ஒரு கோணிச் சாக்கு போடுங்கள். கீல், தாழ்ப்பாள் மேல் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் தெறித்தது துடைத்ததும் வந்துவிடும். செட்டில் வருகிற டேப் மோசமில்லை, பெயின்ட் முழுசாகக் காய்வதற்குள் மெதுவாகச் சாய்த்து உரித்தால் ஓரம் கத்தி வெட்டியதுபோல் வருகிறது. இரண்டு நிறம் அடிக்கிறவர்கள் கோட்டைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், பழைய வீட்டில் தரையே சமமாக இருக்காது. கொத்தனார் வைத்திருக்கிற லெவல் டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு மூலையிலும் குறித்து, நீலப்பொடி தடவிய நூலை இழுத்துத் தெறித்தால் கோடு நேராக விழும்.

கடையில் ரோலர், பன்றி முடி பிரஷ், டேப் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டேன், 400 ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்றார்கள். அதனால் செட்டாக வாங்காதீர்கள். வாங்கும்போது அந்த ரோலருக்கு ஸ்லீவ் மட்டும் பிறகு கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்கும் என்றால் கம்பியையும் கைப்பிடியையும் வருஷக்கணக்கில் வைத்துக்கொண்டு ஸ்லீவை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்.