பழைய புல்லட்டுக்கு டைமிங் வைக்க நம்பிப் போகலாம்

பாயிண்ட் (திறக்கும்போது ஸ்பார்க் வரவைக்கும் தொடுமுனை) வைத்த பழைய புல்லட் 350 ஸ்டார்ட் ஆகாமல் படுத்தினால் புதுப்பேட்டையில் இருக்கும் இந்தச் சின்னப் பட்டறைக்குத் தயங்காமல் கொண்டுபோங்கள். என் வண்டியில் ஸ்பார்க் வந்தது, பெட்ரோலும் வந்தது, ஆனால் மிதித்தால் கிக்கர் திருப்பி உதைத்தது. வேறோர் இடத்தில் கார்புரேட்டரையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். இங்கே அண்ணன் அதைத் தொடவே இல்லை. முதலில் பாயிண்ட் கேப்பை, அதாவது அது திறக்கும் இடைவெளியை, 0.38 மி.மீ. வைத்தார், ஏனென்றால் கேப் மாறினால் டைமிங்கும், அதாவது ஸ்பார்க் வரும் நேரமும், நகர்ந்துவிடும். அப்புறம் பிளக் துளையில் கம்பி விட்டு, கம்ப்ரெஷனில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கிறதா என்று அம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) முள்ளை வைத்துப் பார்த்தார். ரொம்பவே முந்தித் திறந்தது, உதைக்குக் காரணம் அதுதான். சரிசெய்ததும் அடுத்த மிதியில் பிடித்துக்கொண்டது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.