தண்ணி மிசினில் இரண்டு கேஜ்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

உரும்பிராய்த் தோட்டக் கிணற்றடியில் நிற்கிற எங்கள் இரண்டு அங்குலப் பெற்றோல் மிசினில் இரண்டு கேஜ் பூட்டிச் சில வருடமாகிறது. கிணற்றிலிருந்து இழுக்கிற பக்கம் இழுவையைக் காட்டும் வக்யூம் கேஜ், தோட்டத்துக்குத் தள்ளுகிற பக்கம் அழுத்தத்தைக் காட்டும் பிறஷர் கேஜ். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் வக்யூம் கேஜை வாங்குங்கள். எங்கடை ஆக்கள் பெரும்பாலும் மற்றதைத்தான் வாங்குகினம்.

பிறஷர் முள் இறங்கினால் ஏதோ கோளாறு என்று மட்டும் தெரியும். எங்கே என்பதை வக்யூம் முள்தான் காட்டும். மாரி முடிந்த கையோடு தூவல் (ஸ்பிறிங்லர்) ஓடும்போது எங்களுக்கு வக்யூம் 8 அங்குலம் (பாதரச அங்குலக் கணக்கு), பிறஷர் 30 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்). ஆவணி, புரட்டாதியில் கிணறு இறங்க வக்யூம் 15ஐத் தாண்டும். பாதரசத்தில் ஒரு அங்குலம் என்பது ஏறக்குறைய 1.13 அடித் தண்ணீர். ஆகவே கிணற்றை எட்டிப் பார்க்காமலே மட்டத்தை மட்டுக்கட்டலாம். கடல் மட்டத்தில் கணக்குப்படி 34 அடி வரை இழுக்கலாம். நடைமுறையில் 25 அடியோடு எந்த மிசினும் களைத்துவிடும்.

வக்யூம் வழமையைவிட ஏறி, பிறஷர் இறங்கினால் முதலில் கிணற்று மட்டத்தைப் பாருங்கள். மட்டம் சரியென்றால், இழுக்கிற குழாயின் அடியில் இருக்கிற புட்வால்வின் வலை அடைத்திருக்கிறது. வலை சுத்தமாக இருந்தால் தள்ளுகிற குழாய் எங்கேயோ வெடித்துத் தண்ணீர் கூடப் போகிறது. வக்யூம் இறங்கிப் பிறஷர் ஏறினால் தூவல் வாய் அடைப்பு. இரண்டும் இறங்கி முள் ஆடாமல் நின்றால் இம்பெல்லர் (மிசினுக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சில்லு) தேய்வு. முள் துடித்தால் காற்று இழுக்கிறது.

இந்தத் துடிப்பில்தான் கனபேர் காசை விடுகினம். பக்கத்துத் தோட்டத்து அண்ணைக்கு, இம்பெல்லர் மாத்த வேணும் என்று ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டார். எங்கள் கேஜைப் பூட்டிப் பார்த்தோம்: வக்யூம் 4 அங்குலத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. இழுக்கிற குழாயில் ஓட்டை இருந்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, காற்று உள்ளேதான் போகும். மிசின் ஓட ஓட மூட்டு மூட்டாகச் சவுக்கார நுரை தடவினோம். பித்தளை நிப்பிளும் பிவிசியும் சேருகிற இடத்தில் நுரை சுருண்டு உள்ளே போனது. "இவ்வளவுதானோ தம்பி!" என்றார் அண்ணை. த்றெட் ரேப்பைப் புதிதாகச் சுற்றி இறுக்கினோம், முள் அடங்கிவிட்டது.

குறைகளும் உண்டு. முதலில் பூட்டிய கிளிசரின் இல்லாத கேஜின் முள் எஞ்சின் அதிர்வில் ஆடியே பல் தேய்ந்து செத்துப்போனது. கிளிசரின் நிரப்பியது தாக்குப்பிடிக்கிறது. வெயிலில் மஞ்சளித்தாலும் வாசிக்கலாம். மற்றது எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர். 1849இல் பிரான்சில் பூர்டோன் காப்புரிமை எடுத்த அதே வளைந்த குழாய்தான் இன்றும் உள்ளே இருக்கிறது. அதன் வாய்த் துவாரம் ஊசி போகிற அளவுதான், கல் படிந்து அடைத்தால் முள் நின்ற இடத்திலேயே நிற்கும். கழற்றித் தேசிக்காய்ப்புளியில் ஊறவிட்டால் விடும். கேஜுக்குக் கீழே சின்ன வால்வ் ஒன்று போட்டு, வாசிக்கிற நேரம் மட்டும் திறக்கிறேன். இல்லையென்றால் கேஜ் மூட்டே காற்று இழுக்கப் பார்க்கும்.

பிறஷர் கேஜ் 60 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டாம். 160 போட்டால் முள் அடியிலேயே கிடக்கும், வித்தியாசம் தெரியாது. ஸ்ரான்லி வீதிக் கடைகளில் கேஜ் என்றதும் ரயருக்குக் காற்றுப் பார்ப்பதைத்தான் நீட்டுவினம். 30 அங்குல வக்யூம், கால் அங்குலத் த்றெட் என்று சொல்லியே கேளுங்கள்.