1,850 ரூபாய் போச்சு: எல்லை தாண்டி இயர்போன் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

டெமோ பீஸ் ஒரிஜினல். சீல் வைத்த டப்பாவுக்குள் இருந்தது டூப்ளிகேட். போனது 1,850 ரூபாய். சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

களியக்காவிளை தாண்டி, கேரளப் பக்கத்தில் பஸ் நிற்கிற இடத்தை ஒட்டி வரிசையாக இருக்கிற மொபைல் ஆக்சசரீஸ் கடைகளில் ஒன்று. பெயர் போடவில்லை. போட்டால் பேச்சு பைசாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிவிடும். மார்த்தாண்டம், குழித்துறை, கொல்லங்கோடு பக்கத்திலிருந்து விலை குறைவு என்று அங்கே போகிறவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இது.

கேட்டது ஒற்றை டைனமிக் டிரைவர் (சுருளும் சவ்வும் உள்ள குட்டி ஸ்பீக்கர்) வைத்த ஒரு சீன ஐஇஎம், அதாவது காதுக்குழாய்க்குள் செருகுகிற இயர்போன். கம்பெனியை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் செய்த பொருள் என் கைக்கு வரவே இல்லையே. கவுன்டரில் இருந்தவர் நம்ம ஊர் இழுப்போடு சுத்தமான தமிழ் பேசினார். "டப்பாவைப் பாத்து வாங்காதீங்க அண்ணா, கேட்டுட்டு வாங்குங்க" என்று அவராகவே டெமோ பீஸை எடுத்தார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் காதுக்குள் உட்காரும் ரப்பர் டிப்பைத் துடைத்து, போனில் மாட்டுகிற டைப்-சி டாங்கிளில் சொருகி, "உங்க பாட்டையே போடுங்க" என்று நீட்டினார். இந்த விலைச் சரக்குக்கு எந்தக் கடையில் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? அங்கேதான் நம்பிக்கை விழுந்தது.

அந்த டெமோ பீஸ் உண்மையிலேயே நன்றாக இருந்தது. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியின் கனத்த அடி இறங்கி உடனே நின்றது, அடுத்த அடியின் மேல் வழியவில்லை. வலது பக்கமான வலந்தலையில் சாப்பு, மீட்டு என்ற இரண்டு அடியும் தனித்தனியாகக் கேட்டன. பாடுகிறவரின் குரல் நடு நெற்றியில் நின்றது. ச, ஷ வருகிற இடங்களில் காதில் ஊசி ஏறவில்லை.

பேலன்ஸ்டு சவுண்ட் என்றால் இதுதான். எல்லா அலைவரிசையும் ஒரே அளவு என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. வெளியிலிருந்து வரும் சத்தத்தை நம் காதுமடலும் காதுக்குழாயும் 3,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் தாமாகவே தூக்கித் தருகின்றன. இயர்போன் காதுக்குழாயை அடைத்துக்கொண்டு உட்காருவதால் அந்தத் தூக்கல் குலைகிறது, அதனால் ஐஇஎம் அதைத் தானே போட்டுத் தர வேண்டும். குறைந்தால் குரல் போர்வைக்குள் போகும், கூடினால் கத்தும். 200 ஹெர்ட்ஸ் பக்கம் வீங்கினால் எல்லாக் குரலுக்கும் ஜலதோஷம் பிடிக்கும். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் ஆட்களைக் கேட்க வைத்து வகுத்த ஹார்மன் டார்கெட் என்ற வளைகோட்டைத்தான் இந்த விலை ரகத்தில் பல கம்பெனிகள் ஒட்டிப் போகின்றன. அதிலும் அடி பேஸ் கொஞ்சம் தூக்கல்தான். கச்சேரி மட்டும் கேட்கிறவர்களுக்கு அதுகூட ஒரு பிடி அதிகம் என்பது என் கட்சி.

சரி, கடைக்கு வருவோம். "இதேதான் அண்ணா, பிரஷ் பீஸ்" என்று கவுன்டருக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் சுற்றிய டப்பா வந்தது. பிரிக்கப் போனால் கையைப் பிடிக்காத குறை: "சீல் உடைச்சா யூஸ்டு பீஸ் ஆயிரும். வீட்ல போய்ப் பிரிங்க. ஏதாவதுன்னா கொண்டு வாங்க, நான் எங்க போகப் போறேன்?" பில் கேட்டதற்கு, "பில்லுன்னா பதினெட்டு பெர்சென்ட் கூடும் அண்ணா" என்று எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் 'இயர்போன் 1 – 1850' என்று கிறுக்கிக் கொடுத்தார். யுபிஐ போன கணக்கில் கடையின் பெயர் இல்லை, யாரோ ஒருவரின் சொந்தப் பெயர்.

டப்பாவின் அச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. உள்ளே இருந்ததைச் சொல்கிறேன், நீங்களும் இதே இடங்களைப் பாருங்கள். டெமோ பீஸில், காதுக்குள் போகிற குழலின் வாயில் மெல்லிய உலோக வலை உள்ளடங்கி உட்கார்ந்திருந்தது. இதில் துணி மாதிரி ஒரு வெள்ளைத் துண்டைப் பசையில் ஒட்டியிருக்கிறார்கள், ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அடுத்து, காதைப் பார்த்திருக்கும் பக்கத்தில் காற்றுத் துளை. இடது ஷெல்லில் (வெளிக்கூட்டில்) துளை இருக்கிறது. வலது ஷெல்லில் துளை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி, அச்சில் வார்த்ததோடு சரி, குடையவே இல்லை! குண்டூசி முனை உள்ளே போகவில்லை. அதனால் வலது பக்கத்தைக் காதில் அழுத்தும்போது காற்றுக்கு வழியில்லாமல் டிரைவரின் சவ்வு 'கிரிச்' என்று மடங்குகிறது. பேஸும் அந்தப் பக்கம் மட்டும் ஊதிக்கொண்டு நிற்கிறது.

போன் செட்டிங்ஸில் அணுகல்தன்மை பகுதியில் மோனோ ஆடியோவை ஆன் செய்து, இடது வலது பேலன்ஸ் கோடு நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தனிக்குரல் ஒன்றைப் போட்டால் குரல் நடு நெற்றியில் நிற்க வேண்டும். இதில் குரல் வலது காதோரம் போய் ஒட்டிக்கொண்டது. காதில் கோளாறோ என்று இரண்டு இயர்பீஸையும் காது மாற்றி வைத்தால் குரல் இடப்பக்கம் வந்தது. ஆக, காதில் குறை இல்லை. இரண்டு ஊசியால் மாட்டுகிற டூ பின் கேபிளைக் கழற்றி இரண்டு பக்கத்தையும் மாற்றிச் சொருகினாலும் சத்தம் கூடுதலான இயர்பீஸ் அதேதான். ஆக, கேபிளிலும் போனிலும் குறை இல்லை. ஒரு பக்கத்து பின்னைத் தலைகீழாகத் திருப்பிச் சொருகியும் பார்த்தாயிற்று. ஒரு பக்கத்தில் பிளஸ் மைனஸ் துருவம் மாறிக் கிடந்தால் பேஸ் மெலிந்துபோய், குரலுக்கு இடமே இல்லாமல் தலைக்குள் பரவிக் கிடக்கும், திருப்பினால் சரியாகும். அதுவும் இல்லை.

கடைசியில் மல்டிமீட்டர். 200 ஓம் ரேஞ்சில் வைத்து, முதலில் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டு வருகிற சில்லறை ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். 3.5 மில்லிமீட்டர் ஆடியோ பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் அடிப்பகுதி இரண்டு பக்கத்துக்கும் பொது, நுனி இடது, நடு உலோக வளையம் வலது. மைக் உள்ளதென்றால் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். அதில் அடிப்பகுதி மைக்குக்கு, அதற்கு முந்தைய உலோக வளையம்தான் பொது என்பது இப்போதைய போன்களின் வழக்கம். டப்பாவில் போட்டிருந்தது 32 ஓம். இடது 30.6 காட்டியது, அது சரி, டைனமிக் டிரைவரில் மீட்டர் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். வலது 16.2. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் பூட்ஸ். ஒரே மின்னழுத்தத்தில் ஓம் பாதியானால் இழுக்கிற பவர் இரட்டிப்பு, மற்றதெல்லாம் சமமாக இருந்தாலே 3 டெசிபல் ஏறிவிடும். குரல் வலது பக்கம் ஓடியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். எந்தக் கம்பெனியும் ஒரு ஜோடியில் இப்படி இரண்டு டிரைவர் போடாது. கழிவு லாட்டில் கிடைத்ததை ஷெல்லுக்குள் ஒட்டி, நல்ல டப்பாவில் போட்டு 1,850 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

இனி கடைக்காரரின் பதில்கள். முதலில் "பர்ன் இன் ஆகணும் அண்ணா, ஐம்பது மணி நேரம் ஓட விடுங்க." புது இயர்போன் ஓட ஓடத்தான் பழகுமாம். ஐம்பது மணி நேரம் ஓடினால் 16 ஓம் 32 ஆகுமா? அடுத்து "டிப் சைஸ் மாத்திப் பாருங்க." இதில் பாதி உண்மை இருக்கிறது, டிப் சரியாக அடைக்காவிட்டால் பேஸ் கசிந்துவிடும். ஆனால் டிப் மாற்றி யாரும் குடையாத துளையைக் குடைய முடியாது. பிறகு போன் சரியில்லை என்றார். மீட்டர் ரீடிங் போட்டோவை வாட்ஸாப்பில் அனுப்பினால் நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. நேரில் போய் நின்றபோதுதான் கூத்து. விற்கும்போது நம்மோடு தமிழில் குழைந்த அதே ஆள், "முதலாளி இவிடெ இல்லா, நாளெ வரூ சேட்டா" என்று மலையாளத்துக்கு மாறிக்கொண்டார். மார்த்தாண்டத்துக்காரனுக்கு மலையாளம் தெரியாதாம்! மலையாளத்திலேயே திருப்பிக் கேட்டதும் பேச்சு வேறு பக்கம் போனது: எஸ்டிமேட் சீட்டில் மாடல் பெயர் இல்லையாம், இது அவர்கள் கடைச் சரக்குதான் என்பதற்கு என்ன சாட்சியாம். மாடல் பெயரை எழுதாமல் விட்டது யார்? கடைசியாக, இன்னும் 400 ரூபாய் போட்டால் ஒரு நெக்பேண்ட் தருகிறாராம். 1,850 ரூபாயை விழுங்கிவிட்டு மேலே 400!

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. கடை கேரளாவில் என்பதால் வழக்குக்கு அங்கே அலைய வேண்டும் என்று பயப்படாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்கு நாகர்கோவில். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பில் தர மறுப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள், காசு செலவில்லை. யுபிஐ ரசீது, எஸ்டிமேட் சீட்டு, வாட்ஸாப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். டப்பாவையும் தூக்கிப் போடாதீர்கள்.

குறைந்த விலையில் பேலன்ஸ்டான ஐஇஎம் தேர்ந்தெடுப்பது எப்படி என்று நிதானமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை. அவசரத்துக்குச் சிலது மட்டும்.

மூன்டிராப் சூ 2, 7ஹெர்ட்ஸ் ஜீரோ 2 என்ற இரண்டு ஐஇஎம்மிலும் ஒற்றை 10 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர், கழற்றி மாட்டும் 0.78 மில்லிமீட்டர் டூ பின் கேபிள். இந்த விலைக்கு அது போதும். டிரைவர் எண்ணிக்கையைக் காட்டி விற்கிறவரிடம் மயங்க வேண்டாம். டப்பாவில் 'பேலன்ஸ்டு ஆர்மேச்சர்' என்று இருப்பது உள்ளே இருக்கிற டிரைவரின் வகை, 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு கேபிள் என்பது வயரிங் முறை. இரண்டுக்கும் நீங்கள் தேடுகிற சத்தத்துக்கும் சம்பந்தமில்லை.

இறக்குமதி டப்பாவில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், மாதம் வருடம், எம்ஆர்பி, புகார் எண் எல்லாம் அச்சிலோ ஸ்டிக்கரிலோ இருக்க வேண்டும், சட்டம். என் டப்பாவில் எம்ஆர்பி கூட இல்லை.

ஸ்வீப் டோன் (தாழ்விலிருந்து உச்சம் வரை ஏறுகிற ஒற்றை ஒலி) போட்டுச் சோதித்தால் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கீச்சு வரலாம். அது ஐஇஎம் எவ்வளவு ஆழம் காதுக்குள் போகிறது என்பதைப் பொறுத்து நல்ல பீஸிலும் வரும், அதை வைத்து டூப்ளிகேட் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அதேபோல நம்ம ஊர் மழைக்காலத்தில் வியர்வை ஈரம் குழல் வலையில் படிந்து ஒரு பக்கம் சத்தம் குறையும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடின டப்பாவில் ஒரு ராத்திரி வைத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

கடையில் டெமோ கேட்டால் அந்த டெமோ பீஸையே பில் போட்டுத் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால், சீல் டப்பாவைக் கவுன்டரிலேயே பிரித்து, குழல் வலை, இரண்டு பக்கத்துக் காற்றுத் துளை, மோனோ குரல், இந்த மூன்றையும் பார்த்துவிட்டுப் பைசா கொடுங்கள். பிரிக்க விடாத கடையில் 1,850 என்ன, 185 ரூபாய்க்குக்கூட வாங்காதீர்கள்.

1915இல் புகார் பதிந்தாயிற்று. 1,850 ரூபாய் இன்னும் வரவில்லை.