சிஸ்டம்டி-ரன்: ப்ராசஸைப் பிறக்கும்போதே குழுவில் சேர்க்கும் கருவி

பலர் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் ஒரு வேலையை, அதற்கென்று அளந்து கொடுத்த சிபியு, மெமரிக்குள் ஓட வைக்க, சிஸ்டம்டி-ரன் அளவுக்கு நேர்த்தியான கருவி எனக்குக் கிடைத்ததில்லை. சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) உள்ள மெஷினில் இதைத் தனியாக நிறுவ வேண்டிய அவசியம்கூட இருப்பதில்லை. குறைகளும் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் சர்வரில் ஒரு டேட்டாபேஸ் எந்நேரமும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதே மெஷினில் சிலர் பெரிய நிரல்களைக் கம்பைல் செய்வார்கள், சிலர் சிமுலேஷன் ஓட்டுவார்கள், இரவில் பேக்கப் நடக்கும். யாரும் அடுத்தவருக்குத் தொல்லை தர நினைப்பதில்லை. ஆனால் கம்பைல் வேலைகளை நடத்தும் மேக் கமாண்டுக்கு 16 வேலைகளை ஒரே நேரத்தில் செய் என்று சொன்னால் 16 கம்பைலர்கள் கிளம்பும், டேட்டாபேஸ் தன் முறைக்குக் காத்துக் கிடக்கும். நைஸ் என்ற கமாண்ட் இதற்குப் போதாது. அது ஒவ்வொரு ப்ராசஸின், அதாவது ஓடும் நிரலின், முன்னுரிமையைத்தான் மாற்றும், பதினாறையும் சேர்த்து ஒரே கணக்கில் வைக்காது. ஷெல்லில் வரம்பு வைக்கும் யூலிமிட்டின் மெமரி வரம்பும் ப்ராசஸுக்குத் தனித்தனியாகத்தான். எல்லாமே வரம்புக்குள் இருந்துகொண்டு மொத்த மெமரியையும் தின்று தீர்த்துவிடலாம்.

லினக்ஸின் மையமான கர்னல் இதற்குத் தரும் விடை கண்ட்ரோல் குரூப், சுருக்கமாக சிகுரூப்: ப்ராசஸ்களைக் குழுவாக்கி, குழுவுக்கு மொத்தமாக வரம்பு வைக்கும் வசதி. 2006-இல் கூகுளில் தொடங்கிய வேலை, 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கர்னலில் வந்து சேர்ந்தது. முதல் பதிப்பில் சிபியுவுக்கு ஒரு மரம், மெமரிக்கு வேறு மரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ப்ராசஸ் ஒவ்வொரு மரத்திலும் ஒவ்வொரு கிளையில் உட்கார்ந்திருக்கும், பின்தொடர்வதே பெரும்பாடு. 2016-இல் 4.5 கர்னலோடு முறையாக வந்த இரண்டாம் பதிப்பில் ஒரே மரம்தான், ஒரு ப்ராசஸ் ஒரே ஒரு குழுவில்தான் இருக்கும். நான் இங்கே பேசுவதெல்லாம் இந்த இரண்டாம் பதிப்பைப் பற்றி.

குழுவில் சேர்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை என்பது உண்மைதான். ஒரு டைரக்டரி உருவாக்கி, அதற்குள் இருக்கும் சிகுரூப்.ப்ராக்ஸ் என்ற ஃபைலில் ப்ராசஸின் எண்ணை எழுதினால் போதும், அது அந்தக் குழுவுக்கு வந்துவிடும். பல கையேடுகள் இதோடு நிறுத்திவிடுகின்றன. எனக்கு அங்கேதான் மனக்குறை. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸை இப்படி நகர்த்தினால், அது ஏற்கெனவே வாங்கிய மெமரி பழைய குழுவின் கணக்கிலேயே நிற்கும். இனிமேல் வாங்குவதுதான் புதுக் குழுவில் ஏறும். 6 ஜிபி பிடித்து வைத்திருக்கும் சிமுலேஷனை 4 ஜிபி வரம்புள்ள குழுவுக்கு மாற்றுங்கள், அந்த 6 ஜிபியை வரம்பு தொடக்கூடத் தொடாது. அதோடு, ப்ராசஸ் நகர்வதற்கு முன்பே பெற்றுவிட்ட பிள்ளைகள் (அது தொடங்கிய வேறு ப்ராசஸ்கள்) கூடவே வருவதில்லை. பிறக்கும் நேரத்தில் பெற்றோர் எந்தக் குழுவோ அதுதான் பிள்ளைக்கும், பிற்பாடு பெற்றோர் இடம் மாறினாலும் பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கும். மேக்கின் எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போனால் ஏற்கெனவே ஓடும் 16 கம்பைலர்களும் வெளியில் சுதந்திரமாக இருக்கும்.

அதனால்தான் சிஸ்டம்டி-ரன்னின் ஸ்கோப் முறை எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது. அது முதலில் ஸ்கோப் எனப்படும் ஒரு புதுக் குழுவை உருவாக்கச் சொல்லி, அதில் தன்னையே சேர்த்துக்கொள்கிறது. அப்புறம் அதே ப்ராசஸ் நாம் கேட்ட கமாண்டாக மாறிவிடுகிறது. கமாண்டின் முதல் வரியிலிருந்தே எல்லாம் குழுவுக்குள். மெமரி முழுக்க அங்கே கணக்காகும், பிள்ளைகள் முழுக்க அங்கே பிறக்கும். டெர்மினல், இருக்கும் டைரக்டரி, ஷெல்லில் வைத்த மாறிகள் எல்லாம் அப்படியே இருக்கும் என்பதால், கமாண்டுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரு முன்னொட்டாகவே பயன்படுத்தலாம். ஸ்கோப் என்று சொல்லாமல் விட்டால் அதே கருவி வேலையைப் பின்னணி சர்வீஸாக ஓட்டும், அப்போது ஷெல்லின் சூழல் எதுவும் கூட வராது. ஒரே பெயருக்குள் இரண்டு வேறு நடத்தை, புதியவர்கள் திணறுவது இங்கேதான்.

வரம்புகளில் எனக்கு அதிகம் கைகொடுப்பது மெமரிஹை. மெமரிமேக்ஸ் முட்டினால், மீட்க எதுவும் இல்லாதபோது கர்னல் குழுவில் ஒன்றைக் கொன்றுவிடும். மெமரிஹை கொல்லாது. வேகத்தை இழுத்துப் பிடித்து, குழுவிலிருந்து மெமரியை மீட்டுக்கொண்டே இருக்கும். பேக்கப்புக்கு இது அருமையான மருந்து. பேக்கப் படிக்கும் ஃபைல்கள் பேஜ் கேஷில் (கர்னல் ஃபைல்களை மெமரியில் வைத்துக்கொள்ளும் இடம்) சேர்வதும் அந்தக் குழுவின் கணக்குதான். வரம்பு வைத்தால், டேட்டாபேஸ் சூடாக வைத்திருக்கும் கேஷைத் தள்ளாமல், பேக்கப் தன் சொந்தக் கேஷையே காலி செய்துகொள்ளும். மெமரிமேக்ஸ் வைப்பவர்கள் மெமரிஸ்வாப்மேக்ஸையும் சேர்த்து வையுங்கள். முன்னது ஸ்வாப்பை, அதாவது மெமரிக்குத் துணையாக டிஸ்கில் பயன்படும் இடத்தை, கட்டுப்படுத்தாது.

சிபியுகோட்டா 200% என்றால் இரண்டு கோர் அளவு நேரம், மெஷின் சும்மா இருந்தாலும் அதற்கு மேல் கிடையாது. அது எனக்கு வீண் செலவாகவே படுகிறது. சிபியுவெயிட்தான் சரி: இயல்பு மதிப்பு 100. பின்னணியில் ஓடும் கனமான வேலைகளின் பேட்ச் குழுவுக்கு 20 கொடுத்தால் நெருக்கடி வரும்போது மட்டும் ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் விலகிக்கொள்ளும். ஆனால் வெயிட் உடன்பிறந்த குழுக்களுக்கு இடையில்தான் பேசும். உங்கள் லாகினுக்குள் இருக்கும் ஸ்கோப்புக்கு 1000 கொடுத்தாலும், அது யூசர் ஸ்லைஸுக்கு (ஸ்லைஸ் என்பது பல குழுக்களை அடக்கிய பெரிய குழு) வந்த பங்குக்குள்தான் பெரியண்ணன், சிஸ்டம் ஸ்லைஸில் இருக்கும் டேட்டாபேஸிடமிருந்து எதையும் பறிக்க முடியாது. ஆகவே நான் பேட்ச் என்று ஒரு ஸ்லைஸ் வைத்து, கனமான வேலைகள் அத்தனையையும் அதற்குள் ஸ்கோப்பாகத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். மொத்த வரம்பு ஸ்லைஸுக்கு, தனி வரம்பு ஸ்கோப்புக்கு. சிஸ்டம்கன்ட்ரோல் (systemctl) கமாண்டின் செட்-ப்ராபர்டி மூலம் வரம்புகளை ஓடும்போதே மாற்றலாம். சிஸ்டம்டி-சிஜிடாப் திறந்தால் எந்தக் குழு எவ்வளவு எடுக்கிறது என்று உடனே தெரிகிறது.

குறைகள். ரூட் (நிர்வாகி) அதிகாரம் இல்லாமல், யூசர் முறையில் ஓட்டும்போது, அந்த யூசருக்கு ஒப்படைக்கப்படாத கன்ட்ரோலரில் (சிபியு, மெமரி போன்ற ஒன்றைக் கட்டுப்படுத்தும் கர்னல் பகுதி) வரம்பு கேட்டால் எந்த எச்சரிக்கையும் வராது. கமாண்ட் ஓடும், வரம்பு மட்டும் இருக்காது. இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. வரம்பு கேட்டவனுக்கு வரம்பு இல்லை என்று சொல்வது கருவியின் கடமை. குழுவின் டைரக்டரியில் சிகுரூப்.கன்ட்ரோலர்ஸ் ஃபைலைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ரூட் அதிகாரம் தரும் சூடோவோடு ஓட்டினால் வேலையும் ரூட்டாகவே ஓடும், யுஐடி (எந்த யூசராக ஓட வேண்டும் என்பது) கொடுக்க மறக்காதீர்கள். அப்புறம், ஏற்கெனவே ஓடும் ப்ராசஸை எடுத்துப் புது ஸ்கோப்பில் போட இந்தக் கருவியில் வழியில்லை, டி-பஸ் (ப்ராசஸ்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) மூலம் சிஸ்டம்டியிடம் நேரடியாகக் கேட்க வேண்டும்.

பழைய யூனிக்ஸ்கள் இதில் தாராளமாக இருந்தன. சொலாரிஸில் நியூடாஸ்க் ஒரு கமாண்டை ப்ராஜெக்ட் என்ற குழுவுக்குள் தொடங்கும், ஓடும் ப்ராசஸையும் மாற்றிக் கொடுக்கும். எச்பி-யூஎக்ஸில் தொடங்க பிஆர்எம்ரன், நகர்த்த பிஆர்எம்மூவ் என்று இரண்டு தனிக் கமாண்டுகள். ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் யூசர், குரூப், அப்ளிகேஷன் பாதை பார்த்துத் தானாகவே வகுப்பில் போடும் விதிகள். சிஸ்டம்டி-ரன்னில் பிஐடி (ஓடும் ப்ராசஸின் எண்) கேட்கும் ஒரு ஆப்ஷன் வந்தால் நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். இப்போதைக்கு நான்கு. யூசர் முறையின் மௌனத்துக்கு இன்னும் அரை குறைத்து, மூன்றரை.